புள்ளி வைத்த சொல்

எடித் சொன்னது 'கோதாரி' என்ற ஒரு சொல். இந்தத் தொடரை வாசிக்கிற உங்களுக்கு அது தெரியும். எழுதுகிற எனக்கும் தெரியும். அரிப்பு என்கிற எங்கள் ஊரில்தான் அதை நம்ப ஆள் இல்லை.

போன கிழமைப் பகுதியைத் தவறவிட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கருவாடு காயவிடுகிற கரையை அடைத்து வேலி போடப்போகிறோம் என்று அறிவிக்கச் சுற்றுலாத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். கோயில் மண்டபத்தில் கூட்டம். கருவாட்டு மணத்துக்கு வெளிநாட்டுக்காரர் வரமாட்டார்கள் என்று அவர் சொன்னதுதான் தாமதம், பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எடித் எழும்பி, "உங்கட கோதாரி வேலியைக் கொண்டுபோய் உங்கட வீட்டு முற்றத்தில போடுங்கோ" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கோதாரி ஒரு பெரிய சொல்லா என்ன? பால் பொங்கி வழிந்தாலும் கோதாரி, பஸ் பிந்தினாலும் கோதாரி. ஏதோ பழைய கொள்ளைநோயின் பெயர் என்பார்கள். நோய் போய்விட்டது, சொல் எங்கள் வாயோடு தங்கிவிட்டது. குழந்தைகள் சொன்னால் ஒரு அதட்டு, பெரியவர்கள் சொன்னால் அதுவும் இல்லை.

அந்தக் கூட்டத்துக்குச் செய்தி எடுக்க வந்தவள் எடித்தின் மகள் நிறஞ்சலா. மன்னார் பட்டினத்தில் இருந்து வருகிற 'கரைமுரசு' வாரப் பத்திரிகையின் நிருபர். தாய் சொன்னதை அப்படியே எழுதினாள், ஒரு சொல்லைத் தவிர. அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தாள்.

கரைமுரசில் புள்ளி வருவது நீதிமன்றச் செய்திகளில் மட்டும்தான். அச்சில் ஏற்றவே முடியாத சொல் என்றால்தான் வரும். வாசகர்களும் அதற்குப் பழகியவர்கள். புள்ளியைக் கண்டால் தாங்களாகவே நிரப்பிக்கொள்வார்கள், அதுவும் தங்களுக்குத் தெரிந்ததில் மிக மோசமானதைத் தேடி எடுத்து. ஞாயிறு பூசை முடிந்து பேப்பர் கைக்குக் கை மாறி முடிவதற்குள், ஊர் ஆளுக்கொரு சொல்லை எடித்தின் வாயில் வைத்துவிட்டது. மண்டபத்தில் பக்கத்தில் நின்று கேட்டவர்கள்கூடப் பேப்பரைப் பார்த்த பிறகு தங்கள் காதைச் சந்தேகித்தார்கள். வேலியைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அந்தப் புள்ளியை வைத்தது பத்திரிகை ஆசிரியர் என்று எடித் நம்பிக்கொண்டிருக்கிறாள். நிறஞ்சலா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இனி வியாழக்கிழமைக் காலை.

*

கடலுக்குப் போய் வந்து குளித்துவிட்டு முற்றத்துக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார் வின்சன்ட், எடித்தின் கணவர். அவருடைய அக்கா இமெல்டா குடையை மடக்கிக்கொண்டு வேலிப் படலையைத் திறந்தாள்.

"எடித், நான் இருக்க வரேல்லை. தேத்தண்ணியும் வேண்டாம்."

சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தாள். குடித்து முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. நல்ல செய்தியோடு வருகிறவள் இப்படிப் பேசாமல் இருக்கமாட்டாள் என்பது எடித்துக்குத் தெரியும்.

இமெல்டாதான் கோயிலின் ஒப்பாரிக் குழுவுக்குத் தலைவி. பெரிய வெள்ளி அன்று பின்னேரம், சிலுவையில் இருந்து ஆண்டவருடைய சுரூபத்தை இறக்கி வைத்த பிறகு, பெண்கள் சுற்றியிருந்து ஒப்பாரி பாடுவார்கள். அதில் மகனை மடியில் வைத்து அழுகிற மாதாவின் பங்கு எடித்துக்கு. கல்யாணம் செய்து இந்த ஊருக்கு வந்த அடுத்த வருஷத்தில் இருந்து அவள்தான் பாடுகிறாள். அந்தக் குரலைக் கேட்க வங்காலையில் இருந்தும் சிலாவத்துறையில் இருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

எடித்துக்கு வேறு எதிலும் முதல் இடம் கிடையாது. வீட்டில் வின்சன்டின் சொல், கருவாடு போடுகிற வாடியில் முதலாளியின் சொல், சங்கத்தில் படித்தவர்களின் சொல். வருஷத்தில் அந்த ஒரு பின்னேரம் மட்டும்தான் ஊர் முழுவதும் அவள் வாய் திறக்கும்வரை காத்துக்கொண்டிருக்கும்.

"சனம் கதைக்குது எடித்" என்றாள் இமெல்டா. "மாதாவின்ர ஒப்பாரியைப் பாடுற வாய் உப்பிடியொரு சொல்லைச் சொல்லலாமோ எண்டு கேக்கினம்."

"எப்பிடியொரு சொல்லை?"

"அதை என்ர வாயால சொல்லேலுமே?"

"நான் கோதாரி எண்டுதான் சொன்னனான் மச்சாள்."

"கோதாரிக்கு ஆராவது புள்ளி வைப்பினமோ?"

ஞாயிற்றுக்கிழமையில் இருந்து இதே கேள்வியை வாடியில் கேட்டார்கள், கடையில் கேட்டார்கள், கிணற்றடியில் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. தான் சொன்னது என்ன என்று ஒரு மனுசி தானே சாட்சி சொல்லித் திரிகிற நிலைமை வேறு யாருக்காவது வந்திருக்குமா?

"எனக்குத் தெரியும் நீர் சொல்லியிருக்கமாட்டீர் எண்டு" என்றாள் இமெல்டா. அவளுடைய குரலில் அவ்வளவு நிச்சயம் இருக்கவில்லை. "இண்டைக்குப் பின்னேரம் ஒத்திகை. எல்லாருக்கும் முன்னால ஒருக்காச் சொல்லிவிடும். பேப்பரும் தங்கட பிழையெண்டு ஒத்துக்கொண்டால் கதை முடிஞ்சுது. இல்லாட்டி இந்த முறை வேற ஆளை விடச் சொல்லுகினம். என்னாலயும் எவ்வளவுக்கெண்டு மறிக்கிறது?"

வின்சன்ட் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கடலில நான் ஒரு நாளைக்குச் சொல்லுறதுகளுக்குப் புள்ளி வைச்சால் பேப்பரில எழுத்தே மிஞ்சாது."

"நீ மாதாவின்ர ஒப்பாரி பாடுறேல்லைத் தம்பி" என்றாள் இமெல்டா.

அவள் போன பிறகு எடித் அலுமாரியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை எடுத்தாள்.

"எங்கயம்மா?" உள்ளே சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த நிறஞ்சலாவின் கை அப்படியே நின்றது.

"மன்னாருக்கு. உன்ர ஆசிரியரைக் கேக்கப் போறன்."

"அவருக்கு இண்டைக்குச் சரியான வேலை. வியாழக்கிழமைதான் பக்கம் முடிக்கிற நாள். நான் கேக்கிறனம்மா."

"ஞாயிற்றுக்கிழமையில இருந்து கேக்கிறன் கேக்கிறன் எண்டுதான் சொல்லுறாய். நான் போய்ச் சத்தம் போடமாட்டன் பிள்ளை, பயப்பிடாத. எனக்கு அதுக்கும் சீவன் இல்லை."

நிறஞ்சலா அந்த நேரமே சொல்லியிருக்கலாம். தலையை இழுத்து முடித்தாள்.

*

மன்னார் பஸ்ஸில் தாயும் மகளும் ஒரே இருக்கையில் இருந்தார்கள். பங்குனி வெயில் ஜன்னல் தகரத்தைச் சுட வைத்திருந்தது. நிறஞ்சலா இரண்டு முறை வாயைத் திறந்தாள். முதல் முறை கொண்டக்டர் வந்தான். இரண்டாம் முறை பின் இருக்கையில் இருந்த பெடியன் முந்திக்கொண்டான்.

"அன்ரி, நீங்கள்தானே பேப்பரில வந்தது?"

எடித் திரும்பிப் பார்த்தாள். இருபது வயது இருக்கும், தொப்பி போட்டிருந்தான், முகம் முழுக்கச் சந்தோசம்.

"ஓம். அதுக்கு?"

"சூப்பர் அன்ரி! அவங்களுக்கு அப்பிடித்தான் சொல்லோணும். எங்கட பெடியள் எல்லாரும் உங்கட கட்சி."

"நான் என்ன சொன்னனான் எண்டு உமக்குத் தெரியுமோ தம்பி?"

பெடியனின் முகம் சிவந்தது. "அதை எப்பிடி அன்ரி உங்களுக்கு முன்னால சொல்லுறது?"

"சொல்லுமன். எனக்கும் அறிய ஆசைதான்."

அவன் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டான். அவன் இறங்க வேண்டிய இடம் அதுதானோ என்னவோ. முன் இருக்கையில் ஒரு மனுசி தோள் குலுங்கச் சிரித்தாள். எடித்துக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டுகிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொல்லாத சொல்லுக்காகப் பாராட்டுகிறவனை என்ன செய்வது?

"அம்மா" என்றாள் நிறஞ்சலா.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

தள்ளாடிச் சந்தி தாண்டி, பாலம் தாண்டி, பஸ் தீவுக்குள் ஏறியது.

*

கரைமுரசு பத்திரிகைக் கந்தோர் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. ஆசிரியர் அலெக்ஸாண்டர் எழும்பி வந்து, ஒரு கதிரையில் இருந்த பேப்பர்க் கட்டைத் தூக்கிக் கீழே வைத்து எடித்தை இருத்தினார். தேத்தண்ணிக்குச் சொன்னார். நிறஞ்சலா தன் மேசையில் போய் இருந்து கணினியைப் பார்த்தாள். அதை இன்னும் போடவில்லை.

"ஐயா, நான் சண்டை பிடிக்க வரேல்லை" என்றாள் எடித். "ஒண்டே ஒண்டைக் கேட்டிட்டுப் போறன். நான் சொன்ன சொல்லை ஏன் வெட்டினனீங்கள்?"

"நானோ? எந்தச் சொல்லை அம்மா?"

"கோதாரி எண்டு சொன்னனான். நீங்கள் புள்ளி வைச்சிருக்கிறியள். இப்ப ஊரில எனக்கு முகம் குடுக்கேலாமல் கிடக்குது. பெரிய வெள்ளிக்குப் பாடவும் விடமாட்டினமாம்."

அலெக்ஸாண்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கோதாரியோ?"

"ஓம். கோதாரி வேலி எண்டு சொன்னனான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன மாதம் என்ர பத்தியின்ர தலைப்பே 'இந்தக் கோதாரி றோட்டு' எண்டுதான் அம்மா. கோயில் சுவாமிமார்கூட வாசிச்சிட்டுச் சிரிச்சவை. கோதாரிக்குப் புள்ளி வைக்க எனக்கென்ன விசரோ? நான் ஏதோ பெரிய சொல்லாக்கும் எண்டு நினைச்சு அப்பிடியே விட்டனான். செய்தி என்னட்டை வரேக்கையே புள்ளியோடதான்…"

அவர் நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகுதான் மூலையில் இருந்த மேசையைப் பார்த்தார். நிறஞ்சலா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

எடித் மகளைப் பார்க்கவில்லை. மேசையில் வைத்த தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"அப்ப ரைப் அடிக்கிற இடத்தில பிழை விட்டிருப்பினம்" என்றாள்.

"இருக்கும் அம்மா, இருக்கும்" என்றார் அலெக்ஸாண்டர்.

ரைப் அடிக்கிற இடம் என்று அங்கே ஒன்றும் இல்லை. நிருபர்கள் தாங்களே அடித்து அனுப்புகிறார்கள். மூன்று பேருக்கும் அது தெரியும்.

ஆசிரியருக்கு மனம் கேட்கவில்லை. "திருத்தம் ஒண்டு போடலாம்" என்றார். "ஆனா வெறுமனே பிழையெண்டு போட்டால் எடுபடாது. தாய்க்காக மகள் போடுவிச்சது எண்டு சொல்லும் சனம். ஆர் வைச்சது, ஏன் வைச்சது எண்டு பேரோட போட்டால்தான் நம்புவினம். நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகும். நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வேண்டாம் ஐயா" என்றாள் எடித். யோசிக்கக்கூட இல்லை. "விடுங்கோ. சின்ன விசயம்."

*

கீழே மருந்துக்கடையின் நிழலில் தாயும் மகளும் நின்றார்கள். தெருவில் ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின.

"ஏன் பிள்ளை?"

கோபமாகக் கேட்டிருந்தால் நிறஞ்சலா ஏதாவது சொல்லித் தப்பியிருப்பாள். எடித் களைத்துப்போன குரலில் கேட்டாள்.

"கூட்டத்துக்குக் கொழும்பில இருந்து ரெண்டு பேர் வந்திருந்தவை. கமெராவோட, அந்த அதிகாரிக்குப் பக்கத்தில. நீங்கள் கோதாரி எண்டதும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சவை. பேந்து ஒருத்தன் அதைச் சொல்லிக் காட்டினவன். உங்கட குரலில, உங்கட மாதிரிக் கையை ஆட்டி."

"ம்."

"எழுதேக்கை அந்தச் சிரிப்புத்தான் எனக்கு முன்னால வந்தது. அவை பேப்பரைப் பாத்துத் திருப்பியும் சிரிப்பினம் எண்டு நினைச்சன். எனக்கு… எனக்கு வெக்கமா இருந்தது அம்மா. உங்களைக் காப்பாத்திறன் எண்டுதான் புள்ளி வைச்சனான்."

"வேற ஆரும் பொம்பிளை சொல்லியிருந்தால்?"

நிறஞ்சலா அழத் தொடங்கினாள். "அப்பிடியே எழுதியிருப்பன்."

எடித் சேலைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். மகளைப் படிக்க வைத்த காலத்தில் இந்தத் தெருவால் எத்தனை தரம் நடந்திருப்பாள். அப்போதெல்லாம் அவள் மேல் கருவாட்டு மணம் இருந்திருக்கும். அதையும் பிள்ளை மணந்திருப்பாள்தானே என்று இப்போதுதான் முதல் முறையாக நினைத்தாள். அந்த நினைப்பு அவளை நன்றாக நோகடித்தது.

"அவை சிரிச்சதை நான் காணேல்லை" என்றாள். "கண்டிருந்தாலும் எனக்கு ஒண்டுமில்லை, எங்கயோ கிடந்து வந்ததுகள். நீ கண்டிட்டாய். அதுதான்."

"அம்மா, நான் மேல போய் அவரிட்டைச் சொல்லுறன்…"

"நீ வேலையைப் பார். ஒத்திகைக்கு நேரமாகுது, நான் போறன்."

அரிப்புக்குப் போகிற பஸ் வந்தது. எடித் ஏறி, மகள் நின்ற பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்து ஜன்னலோரம் போய் இருந்தாள்.

*

நிறஞ்சலா படியேறிப் போய்க் கணினியைப் போட்டாள். அழுதுகொண்டே அடித்தாள். அடித்ததை அலெக்ஸாண்டரின் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

'திருத்தம். சென்ற வாரம் வெளியான அரிப்புக் கூட்டச் செய்தியில், திருமதி எடித் வின்சன்ட் சொன்ன சொல் "கோதாரி". அதை நீக்கிவிட்டுப் புள்ளி வைத்தது அந்தச் செய்தியை எழுதிய நான். நான் அவருடைய மகள். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. என் தாயின் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்ததால் நான் வெட்கப்பட்டேன். அதுவே காரணம். நிறஞ்சலா வின்சன்ட்.'

ஆசிரியர் ஒருமுறை வாசித்தார். பிறகு பேனையை எடுத்து, எதையும் வெட்டாமல் திரும்ப வைத்தார்.

"இந்த 'வெட்கப்பட்டேன்' இருக்கோணுமோ பிள்ளை?"

"அது இல்லாட்டி ஏன் வைச்சது எண்டு விளங்காது சேர். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அம்மாவைக் கேட்டனியோ?"

"கேட்டால் வேண்டாம் எண்டுவா."

"புள்ளி வைக்கேக்கையும் அவவைக் கேக்கேல்லை."

நிறஞ்சலாவுக்கு இப்போது ஒரே ஒரு ஆசை. நெஞ்சில் கிடக்கிற பாரத்தை எங்காவது இறக்க வேண்டும். அதை யாருடைய தலையில் இறக்குகிறோம் என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. நல்லது செய்யப் புறப்படுகிறவர்களுக்கு ஏன்தான் இவ்வளவு அவசரமோ என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

"போடுங்கோ சேர்" என்றாள். "தயவுசெய்து."

அலெக்ஸாண்டர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது, இன்னும் மூன்று பக்கம் முடிக்கக் கிடந்தது. "சரி. நீ இண்டைக்கு வெள்ளென வீட்டுக்குப் போ" என்றார்.

*

ஊருக்கு வந்து இறங்கியபோது நிறஞ்சலாவுக்கு உடம்பு இலேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிடும். தன்னை நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள், கதைக்கட்டும். அம்மா பாடுவாள். இந்தச் செய்தியை அம்மாவின் காதில் போட்டுவிட வேண்டும் என்று நேரே கோயிலுக்கு நடந்தாள்.

பீடத்தின் முன்னால் பாய் விரித்துப் பெண்கள் இருந்தார்கள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. எடித் கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு வழக்கமான இடத்தில் இருந்தாள். ஒத்திகை தொடங்கவில்லை. எல்லோரும் இமெல்டாவைப் பார்த்தார்கள். இமெல்டா தன் கை விரல்களைப் பார்த்தாள்.

"எடித்" என்றாள் கடைசியில். "கேக்க எனக்கு விருப்பமில்லை. கேக்கச் சொல்லுகினம். அந்தச் சொல்லைச் சொன்னனீரோ, இல்லையோ? இல்லையெண்டு சொல்லும், நாங்கள் தொடங்குவம்."

எடித் வாயைத் திறப்பதற்குள் பின் பாயில் இருந்து ஒரு குரல் வந்தது.

"இல்லையெண்டால் ஏன் பேப்பரில புள்ளி?"

"அது ஆசிரியர் வைச்சதாக்கும்" என்றாள் இன்னொருத்தி.

"எழுதினது மகளெல்லே? பெத்த தாய் சொல்லாத சொல்லுக்கு ஒரு பிள்ளை புள்ளி வைப்பாளோ? இல்லாட்டி ஆசிரியர் வைக்க விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருப்பாளோ?"

"அந்தா, அவளே வந்து நிக்கிறாள். அவளைக் கேளுங்கோவன்."

எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின. நிறஞ்சலா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அத்தனை கண்களும் அவள் மேல் இருந்தன.

"மாமி, அதை வைச்சது…" என்று தொடங்கினாள்.

"ஓம்" என்றாள் எடித். சத்தமாகச் சொன்னாள். ஒப்பாரிக்கு எடுக்கிற அதே குரல், கோயில் முழுக்கக் கேட்டது. "சொன்னனான்."

"எடித்!" என்றாள் இமெல்டா. "எதை?"

"நீங்கள் எல்லாரும் நினைக்கிறதை. கோவத்தில வாயில வந்திட்டுது. பிள்ளை என்ர மரியாதைக்காகத்தான் புள்ளி வைச்சவள். அவளை ஒருத்தரும் ஒண்டும் கேக்காதேங்கோ."

எடித் முக்காட்டை எடுத்து, ஓரம் பார்த்து மடித்து, இமெல்டாவின் மடியில் வைத்தாள். பீடத்தைப் பார்த்து ஒரு சிலுவை அடையாளம் போட்டாள். பாய்களுக்கு நடுவால் நடந்து வாசலுக்கு வந்தாள். பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். இமெல்டா முக்காட்டை முகத்தில் வைத்து அழுதாள்.

*

வெளியே கிணற்றடியில் நிறஞ்சலா தாயின் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா செய்தனீங்கள்? கோயிலுக்குள்ள இருந்துகொண்டு பொய்!"

"பாவசங்கீர்த்தனம் செய்யலாம். சுவாமி என்ன, அடிக்கவா போறார்?"

"ஏனம்மா?"

"பின்னை என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்?" எடித் கிணற்றுக்கட்டில் இருந்தாள். "கோதாரி எண்டு சொன்னனான் எண்டால், ஏன் புள்ளி வைச்சது எண்டு கேப்பினம். அதுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல? என்ர பிள்ளைக்கு என்னால வெக்கம் எண்டு சொல்லவோ? அதைச் சொல்லிப்போட்டு உந்தப் பாயில இருந்து நான் எப்பிடிப் பாடுறது? ஊத்தை வாய்க்காரி எண்டு சனம் சொல்லட்டும் பிள்ளை. அது எனக்குத் தாங்கும். மற்றது தாங்காது."

நிறஞ்சலாவின் கை தாயின் கையில் இருந்து நழுவியது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய், திரும்பி நின்று, தாய்க்குக் கேட்காதபடி தொலைபேசியில் ஆசிரியரை அழைத்தாள்.

"சேர், அந்தத் திருத்தம். அதை எடுத்துவிடுங்கோ. தயவுசெய்து எடுத்துவிடுங்கோ."

"பக்கம் அச்சுக்குப் போயிட்டுதே பிள்ளை" என்றார் அலெக்ஸாண்டர். "நாலு மணிக்கே போயிட்டுது. உள்பக்கத்தில போட்டால் ஆரும் பாக்கமாட்டினம் எண்டு முதல் பக்கத்திலதான் போட்டனான். பெட்டி கட்டி, உன்ர பேரோட."

கோயிலுக்குள் ஒப்பாரி தொடங்கியது. மாதாவின் பங்கை வேறு யாரோ எடுத்திருந்தாள். மேல்சுருதியில் தொடங்கிவிட்டாள், இரண்டாம் அடியிலேயே குரல் உடைந்தது. எடித் தலையைச் சரித்துக் கேட்டாள். பிறகு எழும்பி வந்து மகளைத் தன் பக்கம் திருப்பி, சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்தாள்.

"அழாத" என்றாள். "எல்லாம் ரெண்டு நாளைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை புதுப் பேப்பர் வரும். சனத்துக்கு வேற ஆரின்ரயும் கதை கிடைக்கும். என்னை மறந்திடும்."